நாவலடி என்று எழுதச் சொன்னவள்

மகனே, இதை நீ ஒரே மூச்சில் வாசிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி உனக்கு எழுத்துக் கூட்டத்தான் சொல்லித் தந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் எழுத்தைக் கோழி கிளறின மாதிரி என்று உன் அப்பாவே சொல்லுவார். ஆகவே கஷ்டம் இரண்டு பேருக்கும் சமம். ஒன்று மட்டும் கேட்கிறேன், இதை உன் பெண்சாதி கிளேரின் கைபேசியில் படம் பிடித்து இங்கிலீசுக்கு மாற்றாதே. போன தீபாவளிக்கு நான் எழுதிய வாழ்த்தை அந்தச் சாமான் மாற்றிய விதத்தைப் பார்த்து நீயும் அவளும் சோபாவில் உருண்டு சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. டெலிபோனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ "ஓமம்மா, ஓமம்மா, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடதாசியை அப்படி வைக்க முடியாது.

உன் மகள் பிறந்து இன்றைக்கு ஒன்பது நாள். உங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில், பூச்சி மாதிரி ஒரு காந்தத்தின் கீழே அரசாங்கக் கடதாசி தொங்குகிறது. முப்பது நாளுக்குள் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும் என்று நீதான் சொன்னாய். நம் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழித்துத்தான் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இந்த அரசாங்கம் நம்மை ஒரு நாளால் முந்திவிட்டது. பிள்ளைக்கு மாயா என்று பெயர், அதில் எனக்குக் குறையில்லை. குடும்பப் பெயராக உன்னுடையது வேண்டாம், கிளேரின் பெயர் மட்டும் போதும், மாயா தோர்ன்டன் என்று முடிவு செய்திருக்கிறாய். அதை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. நீ முடிவெடுத்த பிறகு மாறின பிள்ளை இல்லை, நான் மாற்றிவிடுவேன் என்று என்னை ஏமாற்றுகிற வயதும் எனக்கில்லை. ஆனால் எந்தக் காரணத்துக்காக உன் பெயரைத் தூக்கிப் போடுகிறாயோ, அந்தக் காரணம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளேருக்கு எட்டாம் மாதம் நடக்கையில் உன் வீட்டில் நடந்த சாப்பாட்டை நினைத்துப் பார். நான் இருக்கிற செயின்ட்-மிஷேலிலிருந்து என்னை ஏற்றிப்போக நீ வந்தாய், நீங்கள் இருக்கிற இல்-பிசாருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸை நம்பிப் புறப்பட முடியாது என்று. கிளேரின் தகப்பன் தோர்ன்டன் ஐயா ஒரு பெரிய மடித்த வரைபடம் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிவிட்டு மேசையில் விரித்தார். இங்கிலாந்து. நிலம் அளக்கிற உத்தியோகம் பார்த்து ஓய்ந்த மனிசன், கை சும்மா இருக்காது. தோர்ன்டன் என்பது ஊர்ப் பெயர் என்றார். 'தோர்ன்' முள்மரம், 'டன்' வேலி அடைத்த நிலம். நீ எனக்குத் தமிழில் சொல்ல வாயெடுத்தாய், நான் "விளங்குது தம்பி, முள்மர வளவு" என்றேன். இருபத்திரண்டு வருடம் தையல் தொழிற்சாலையில் இருந்தவளுக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்காதா. பிறகு அவர் விரலை நகர்த்தி நகர்த்திச் சொல்லிக்கொண்டே போனார். 'பை' என்று முடிகிற ஊரெல்லாம் கடல் கடந்து வந்த டேனிஷ்காரர் குடியேறினது. 'ஃபோர்ட்' என்றால் ஆற்றை நடந்து கடக்கிற துறை. 'லீ' என்றால் காட்டில் மரம் வெட்டி வெளியாக்கின இடம். ஓக்லி என்றாலும் ஊர்தானாம், ஓக் மரக் காட்டு வெளி. எனக்குச் சோறு புரைக்கேறிவிட்டது. தொழிற்சாலையில் என் காலர்களைப் பிரித்துப் பிரித்துத் திருப்பித் தந்த மேற்பார்வைக்காரியின் பெயர் ஓக்லி. என்னைக் காட்டிலிருந்து வந்தவள் போல நடத்தினவள், பார்த்தால் அவளே ஒரு காட்டைப் பெயராகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். முந்தியே தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை நித்திரையில்லாமல் செய்தது. தன் பெயருக்குரிய ஊரைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போனாராம். போனால் ஒரு தோர்ன்டன் இல்லை, பல தோர்ன்டன். மூன்றில் இறங்கிப் பார்த்திருக்கிறார். கடைசி ஊரில் பாண் சுட்டு விற்கிற கடைக்காரி ஒருத்தியிடம், "நான் தோர்ன்டன், என் ஆட்கள் இந்த ஊர்" என்று பெருமையாகச் சொல்ல, அவள், "இங்கே அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை, இருந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை" என்றாளாம். அவர் வெட்கப்பட்டு வெளியே வந்து, தேவாலய மதிலில் குந்தியிருந்து யோசித்தபோது விளங்கினதாம். ஊருக்குள்ளே எல்லாரும் அந்த ஊர்தான், அங்கே ஒருவனை ஊர்ப் பெயரால் கூப்பிட்டு என்ன பிரயோசனம்? ஊரை விட்டுப் போனவனைத்தான், போன இடத்து ஆட்கள் ஊர்ப் பெயரால் கூப்பிட்டார்கள். பெயரில் ஊர் இருக்கிறவன் எல்லாம் எப்போதோ ஊரை விட்டுப் போனவனின் வம்சம். இதைச் சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, "உங்கள் பெயரும் ஊர்தானே, நாவலடி? அதிலும் ஒரு மரம் இருக்கிறதாமே?" என்று கேட்டார். கண் எல்லாம் சந்தோஷம் அந்த மனிசனுக்கு. நான் வாய் திறக்கும் முன் நீ முந்திக்கொண்டாய். "இல்லை, அது எங்கள் பெயரே இல்லை. விமான நிலையத்தில் மொழிபெயர்த்த பொம்பிளை விட்ட பிழை. அப்பா திருத்த எவ்வளவோ அலைந்தார், முடியவில்லை. அதுதான் பிள்ளைக்கு அதை வைக்கப்போவதில்லை. ஒரு பிழையை எதற்குப் பிள்ளையின் தலையில் கட்டுவான்?" கிளேர் என் கையைப் பிடித்து, அவளுடைய அந்த உடைந்த தமிழில், "அம்மா, ஓகேயா?" என்று கேட்டாள். நான், "ஓம் பிள்ளை, ஓகே, நல்லது" என்றேன். பிறகு கறியைச் சூடாக்க எழும்பிப் போனேன். கறி சூடாகத்தான் இருந்தது.

உனக்குத் தெரியும், நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர், அவ்வளவுதான். அடுத்த தலைமுறையில் பாட்டன் பெயர் தானாக உதிர்ந்துவிடும். இந்த நாட்டுக் கடதாசியில் பெட்டி போட்டுக் கேட்கிறார்களே என்று உன் அப்பா முதலில் வந்தபோது தன் தகப்பனின் பெயரைக் கொடுத்தார். சிவபாதம் என்ற மனிசன் அந்த நிமிஷத்திலிருந்து மிஸ்டர் நாகமுத்து ஆனார். வேலையிலும் நாகமுத்து, வைத்தியசாலையிலும் நாகமுத்து. நானும் நீயும் வருவதற்கு ஒரு கிழமை முந்தி டெலிபோனில் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "கேட்டால் நாகமுத்து எண்டு சொல்லு. மூண்டு பேருக்கும் ஒரே பேர் இருக்கோணும், இல்லாட்டிப் பிறகு கரைச்சல். விளங்கிச்சோ?" விளங்கியது. எனக்கு எப்போதும் விளங்கும்.

அந்த நாகமுத்துவைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் சொன்னதில்லை. உன் அப்பாவும் சொல்லமாட்டார், தகப்பன் அல்லவா. உன் அப்பாவின் ஊரான இணுவிலுக்கு மருமகளாக நான் போன நாளிலிருந்து ஏழு வருடம் அந்த மனிசன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நாவலடியாள்." அதுதான் நான். நான் பிறந்த நாவலடி என்றால் பத்து வீடும் ஒரு மரமும், கிணற்றைத் தோண்டினால் சவர்த் தண்ணீர். அதை வைத்தே என்னை வாட்டினார். "நாவலடியாள் வைச்ச கறியெல்லே, அதுதான் சவர்க்குது" என்று பந்தியில் சொல்லுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள், உன் அப்பா தட்டைப் பார்ப்பார். நாவலடியில் எனக்குப் பெரிய சுகம் ஒன்றும் இருந்ததில்லை, அந்த ஊரை நினைத்து நான் அழுததும் இல்லை. ஆனால் ஒரு ஊரை எடுத்து ஒருத்தியின் முகத்தில் துப்பலாம் என்று இணுவிலில்தான் படித்தேன். அவர் பெயரை நான் வாயால் சொல்லுவதில்லை. மருமகள் மாமன் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. மரியாதை என்று ஊர் நினைத்தது.

நீ பிறந்த முப்பத்தோராம் நாள் என்னைப் பெற்ற ஐயா உன்னைப் பார்க்க வந்தார். சைக்கிளில் வந்தார், வேட்டி முழங்கால் வரை புழுதி. கைக்குட்டையில் முடிந்து உனக்கு ஒரு சின்னக் காப்பு. வேலிப் படலையடியில் நின்று செருமினார். மாமா விறாந்தையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆர் படலையிலை? நாவலடியாரோ? நிக்கட்டும், ஐயர் போகட்டும்" என்றார். ஐயர் எப்போதோ போய்விட்டார். ஐயா நின்றுகொண்டே இருந்தார். நல்ல வெய்யில். நான் துடக்குக் கழித்த ஈரத் தலையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வேலிக்கு மேலால் கையை நீட்டி உன் கையில் அந்தக் காப்பைப் போட்டுவிட்டு, "பிள்ளை, நீ உள்ளுக்குப் போ, பச்சைக் குழந்தைக்கு வெய்யில் கூடாது. நான் போட்டு வாறன்" என்றார். உள்ளே வாங்கோ என்று சொல்ல எனக்கு அந்த வீட்டில் உரிமை இருக்கவில்லை, உரிமையிருந்த உன் அப்பா பின் வளவில் வாழையிலை எடுக்கிறேன் என்று நின்றார். இரண்டு மாதத்தில் ஐயா செத்துப்போனார். அந்தப் படலையின் ஆணிகள் எத்தனை, எந்த ஆணி துருப்பிடித்தது என்று இப்போதும் சொல்லுவேன்.

இனி, இந்த நாட்டில் நாம் வந்து இறங்கிய மிராபெல் விமான நிலையம். உனக்கு ஆறு வயது, என் பயணப் பையில் தலை வைத்து நித்திரை. விமானத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தந்த கம்பளிச் சட்டை உனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உத்தியோகத்தன், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும், நல்ல அமைதியான முகம். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். கடைசியில், "அம்மா, ஃபேமிலி நேம் கேக்கறாங்க. குடும்பப் பேர். உங்க வீட்டுக்காரர் என்ன பேர் போட்டிருக்கார், அதையே போட்டுடலாமா?" என்றாள். எனக்கு வாய் திறந்தது. அந்தப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதோடு படலை வந்தது, புழுதி வேட்டி வந்தது. கடல் கடந்து, மூன்று நாடு ஒளித்து ஒளித்து வந்தும் அந்த மனிசனின் பெயரைத்தான் என் பிள்ளை சாகும் வரைக்கும் சுமக்க வேண்டுமா என்று வந்தது. "நாவலடி" என்றேன். அவள் பேனையைத் தூக்கினாள். "அது ஊர் பேர் மாதிரி இருக்கேம்மா?" "எங்கட குடும்பப் பேர் அதுதான்." "நிச்சயமாவா? அப்புறம் மாத்தறது ரொம்பக் கஷ்டம்மா. யோசிச்சுச் சொல்லுங்க." "யோசிச்சுத்தான் சொல்லுறன். எழுதுங்கோ." அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினாள். எனக்கும் உனக்கும். மகனே, அந்தப் பெண் ஒரு பிழையும் விடவில்லை. அவள் இரண்டு தரம் கேட்டாள்.

வெளியே உன் அப்பா நின்றார். மூன்று வருடம் காணாத மனிசன், உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கடதாசியை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "என்னப்பா இது? நாவலடி எண்டு கிடக்கு?" நான் ஆயத்தமாக இருந்தேன் என்று நினைக்காதே, பொய் தானாக வந்தது. "அப்பிடியோ எழுதியிருக்கு? நீங்கள் சொன்ன மாதிரித்தான் சொன்னனான். எந்த ஊர் எண்டும் கேட்டவள், அதை இதுக்குள்ளை போட்டிட்டாள் போல. இங்கிலீசு வாசிக்கத் தெரிஞ்சவளே நான், என்னத்தைக் கண்டன்?" அவர் நம்பினார். என் படிப்பில்லாமை என் வாழ்க்கையில் எனக்குச் செய்த ஒரே உதவி அது. அன்றிலிருந்து அந்த மொழிபெயர்ப்புக்காரி நம் வீட்டில் திட்டு வாங்கினாள். கடதாசி வந்தால் திட்டு, வரி எழுதினால் திட்டு. நீ இங்கிலீசு பழகின காலத்திலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தாய், உனக்கு அது ஒரு பகிடி. திருத்துவதற்கு அவர் மூன்று அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினார். ஊரிலிருந்து பிறப்புப் பத்திரம் கொண்டுவா, சத்தியக் கடதாசி கொண்டுவா என்றார்கள். ஊரில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது, பத்திரம் எடுக்க எங்கே போவது? ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். தேத்தண்ணிதான் கொடுத்தேன்.

இதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. இங்கே நமக்கு முதல் பனிக்காலம். பள்ளிக்கூடத்தில் உனக்குக் காய்ச்சல். உன் அப்பா சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய கையோடு, கோட்டுக்குள் ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ஓடினார். பள்ளிக்கூடத்தில் என் பெயரை மட்டும்தான் பதிந்திருந்தோம். வாசலில் இருந்த பெண் அவருடைய அட்டையைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள். பிள்ளை நாவலடி, இவர் நாகமுத்து. அவளில் குற்றமில்லை, பிள்ளையை யாரிடமும் தூக்கிக் கொடுக்க முடியுமா? தொழிற்சாலைக்கு டெலிபோன் அடித்தார்கள். ஓக்லி அரைமணி நேரம் என்னைக் கூப்பிடவில்லை, அது வேறு கணக்கு. இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது, உன் அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளிப்பக்கம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சப்பாத்திலிருந்து உருகின பனி சுற்றிவரத் தேங்கி நிற்க, நின்றார். கதிரையில் இருக்கச் சொல்லியிருப்பார்கள், அவர் இருக்கவில்லை. உள்ளேயிருந்து நீ என்னைக் கண்டதும், "அம்மா, அப்பா ஏன் உள்ளுக்கு வரேல்லை?" என்று கேட்டாய். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, நான் எறிந்தது யாரில் விழுந்தது என்று. நாகமுத்து ஊரில் விறாந்தையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மகனை நான் என் ஐயாவைப் போல வெளியே நிற்பாட்டிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. பஸ்ஸில் உன்னை மடியில் கிடத்திக்கொண்டு வரும்போது அவர், "அந்த இந்தியாக்காரி ஒரு நாளைக்கு என்ரை கையிலை அம்பிடட்டும்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உனக்கு இனி ஒரு மகள் இருக்கிறாள், ஆகவே ஒன்று சொல்லுகிறேன், வேண்டுமானால் எடு, வேண்டாமென்றால் விடு. கோபம் வந்தால் அது யார் மேல் வந்ததோ அவருடைய முகத்துக்கு நேரே போய்ச் சொல். அடிபட்டாலும் பரவாயில்லை. பிள்ளைக்கும் அப்படியே பழக்கு. சேர்த்து வைக்காதே. சேர்த்து வைத்தவளை உனக்குத் தெரியும், ஞாபகசக்தி என்று நீ பெருமையாகச் சொல்லுவாய், "எங்கட அம்மா முப்பது வருசத்துக்கு முந்தி ஆர் என்ன சீலை கட்டினவை எண்டும் சொல்லுவா" என்று. அது ஞாபகசக்தி இல்லை ராசா. ஒன்றையும் விடத் தெரியாத வருத்தம். அதற்கு மருந்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, இந்தக் கடிதத்தை எழுதினால் குறையும் என்று நினைத்தேன், இதுவரைக்கும் குறையவில்லை.

உன் அப்பாவின் கடைசிக் கிழமை. நீ பின்னேரங்களில் வந்து போனாய், காலையில் நான் மட்டும்தான். ஒருநாள் கஞ்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, கூரையைப் பார்த்தபடி, "பாவம் அந்த மொழிபெயர்ப்புக்காரி, எத்தினை வருசமாத் திட்டிப்போட்டன்" என்றார். நான் அவருடைய வாயைத் துடைத்துவிட்டேன். "அவளும் தமிழ் தெரிஞ்சவள்தானே. நாவலடி எண்டொரு இடம் இருக்கெண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்? ஊரைக் கேட்டாலும் இணுவில் எண்டுதானே வந்திருக்கோணும்? ஆரும் சொல்லாமல் எழுதியிருப்பாளே?" அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில், கோபம் இருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், கோபத்துக்கு என்னிடம் எப்போதும் பதில் உண்டு. சும்மா பார்த்தார். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். "கதையாதேங்கோ, இளைக்கும். படுங்கோ" என்றேன். படுத்தார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாலாம் நாள் பேச்சே நின்றுவிட்டது. செத்த வீட்டில் மண்டப வாசலில் வெளிச்சப் பலகையில் பெரிய எழுத்தில் ஓடியது நாகமுத்து. உன் அப்பாவின் சொந்தப் பெயருக்கு, அதன் முன்னால் ஒரு எழுத்து மட்டும், 'எஸ்'. நான் வெறுத்த மனிசனின் பெயருக்கு எல்லாரும் மாலை போட்டார்கள். உன் பெயர் வேறாக இருந்ததால், மகன் நீதானா என்று கையெழுத்து வாங்க வந்தவன் உன்னை இரண்டு தரம் கேட்டான். நீ அழுதுகொண்டே, "அது ஒரு பிழை, ஒரு பழைய பிழை" என்று அவனுக்கு விளங்கப்படுத்தினாய். நான் மூன்று அடி தள்ளி நின்றேன்.

இதை வாசித்ததும் நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். சத்தம் போட்டால் நல்லது. ஆனால் நீ சத்தம் போடமாட்டாய், உன் அப்பாவின் பிள்ளை. "பரவாயில்லையம்மா, பழைய கதை" என்று சொல்லுவாய், அதுதான் எனக்குப் பயம். நாவலடியை உன் பிள்ளைக்கு வை என்று நான் எந்த முகத்தோடு கேட்பேன்? அதில் மரமும் இல்லை ஊரும் இல்லை, என் வன்மம் மட்டும்தான். நாகமுத்துவை வை என்று என் கை எழுதாது. சிவபாதத்தை வைக்கலாமா என்று முன்னமே டெலிபோனில் கேட்டேன், நடுப்பெயராகவாவது. "அம்மா, பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு கிழவன்ர பேரோ?" என்று சிரித்தாய். சரிதான். வழக்கப்படி பார்த்தாலும் அவருடைய பெயர் இந்தத் தலைமுறையில் உதிர வேண்டியதுதான். வைக்க இடமில்லாத மனிசனாகப் போய்விட்டார். ஆகவே தோர்ன்டன் என்றே எழுது. ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, அப்பா உங்கள் பெயர் எனக்கு ஏன் இல்லை என்று ஒருநாள் கேட்டால், ஒரு மொழிபெயர்ப்புக்காரி விட்ட பிழை என்று சொல்லாதே. அப்பம்மா வேண்டுமென்று செய்தது என்று சொல். நீ சொல்லமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். எந்தத் தகப்பன் பிள்ளைக்கு இதைச் சொல்லுவான்.

முந்தாநாள் நான் உங்கள் வீட்டில் நிற்கையில் தோர்ன்டன் ஐயா பிள்ளையைப் பார்க்க வந்து என்னிடம் ஒரு பெரிய தாளைத் தந்துவிட்டுப் போனார், வம்ச வரைபடம். மேலிருந்து கீழே பெட்டி பெட்டியாகக் கோடு போட்டிருக்கிறார். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர், பக்கத்தில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுத ஒரு சின்ன இடம். அவருடைய பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை தோர்ன்டன், தோர்ன்டன், தோர்ன்டன். நம் பக்கத்தை நான் நிரப்பித் தர வேண்டுமாம். இன்று காலை முழுக்க இருந்து, தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு மேல் எழுதிப் பழகின பெரிய இங்கிலீசு எழுத்தில் நிரப்பினேன். என் ஐயாவின் பெயரை எழுதினேன். மாமனின் பெட்டியை வெறுமையாக விட நினைத்து, பிறகு அதையும் எழுதினேன், அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. உன் அப்பாவின் பெட்டியில் சிவபாதம் என்று முழுதாக, தனியாக எழுதினேன், இந்த நாட்டுக் கடதாசி ஒன்றில் அவர் அப்படி இருப்பது இதுதான் முதல் தடவை. எழுதி முடித்துப் பார்த்தால், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் சம்பந்தமில்லை, நாம் எல்லாரும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற ஆட்கள் மாதிரி இருக்கிறோம். உன் பெட்டியில் நாவலடி. அது எங்கிருந்து வந்தது என்கிற இடத்தில், தாய் சொன்னாள், பிழையில்லை என்று எழுதினேன். நாளைக்கு அதை அவருக்குத் தபாலில் போடுவேன். உனக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது, அதை நான் தொடவில்லை. அதில் மாயா தோர்ன்டன் என்று அவர் முன்னமே மையால் எழுதியிருந்தார்.

அம்மா